கார் ஏ.சி.யில் காற்று வரவில்லையா? ப்ளோயர் மோட்டார், ஃப்ளாப் மோட்டார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஏ.சி. கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "கூலிங் இல்ல, கேஸ் ஏத்திடுங்க" என்று தீர்ப்போடுதான் வருவார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் பல வண்டிகளில் கேஸுக்கும் கோளாறுக்கும் சம்பந்தமே இருக்காது. காற்றைத் தள்ளும் மோட்டாரோ, காற்றைத் திருப்பிவிடும் மோட்டாரோதான் படுத்திருக்கும். இந்த மோட்டார்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஏ.சி. சரியா வேலை செய்யல. கேஸ் தீர்ந்திருக்கா, மோட்டார் போயிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காற்றையும் குளிரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஏ.சி. பட்டனை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் வையுங்கள். டேஷ்போர்டில் காற்று வரும் நடு வென்ட்டில் கை வைத்தால் காற்று பலமாக அடிக்கிறதா? அடித்தால் ப்ளோயர் நன்றாக இருக்கிறது. கேஸ், கம்ப்ரசர், கண்டென்சர் பக்கம் தேடலாம். காற்றே மெலிதாக வந்தால், அல்லது வரவே இல்லை என்றால், எத்தனை முறை கேஸ் ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. காற்று பலமாக வருகிறது, ஏ.சி. குழாயைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, ஆனால் வென்ட்டில் வெதுவெதுப்பு. அல்லது முகத்துக்கு வர வேண்டிய காற்று காலுக்குப் போகிறது. இது ஃப்ளாப் கோளாறு.

மோட்டார்னு எதைச் சொல்றீங்க? ஒண்ணுதானே இருக்கு?

டேஷ்போர்டுக்குள் இருக்கும் பெரிய மோட்டார்தான் ப்ளோயர். 12 வோல்ட் டி.சி. மோட்டார், அதன் தலையில் ஓர் உருளை வடிவ பிளாஸ்டிக் ஃபேன். நம் ஊர் வலக்கை ஓட்டு வண்டிகளில் பெரும்பாலும் இடது பக்கம், க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னாலோ அடியிலோ இருக்கும்.

அது தள்ளும் காற்று, அதைக் குளிரவைக்கும் கூலிங் காயிலைத் தாண்டிய பிறகு எங்கே போக வேண்டும் என்பதை ஃப்ளாப்கள் முடிவு செய்கின்றன. வெளிக்காற்றா உள்காற்றா என்று மாற்ற ஒன்று, ஹீட்டர் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்பதற்கு ஒன்று, முகம், கால், கண்ணாடி என்று பிரிக்க ஒன்று. ஆட்டோமேட்டிக் க்ளைமேட் கன்ட்ரோல் உள்ள கார்களில் இவை ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன மோட்டார் திருப்பும். அதை ஆக்சுவேட்டர் என்பார்கள், சிலர் சர்வோ மோட்டார் என்பார்கள். இங்கே ஃப்ளாப் மோட்டார் என்றே வைத்துக்கொள்வோம். குமிழ் திருகும் சாதாரண ஏ.சி.யில் இந்த வேலையை அநேகமாக ஒரு கேபிள் செய்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு "ஃப்ளாப் மோட்டார் போச்சு" என்று யாராவது சொன்னால், முதலில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

முன்னால் ரேடியேட்டர் பக்கம் சுற்றும் ஃபேன் வேறு. அதற்கு இந்தப் பக்கத்தில் வேலை இல்லை.

ஃபேன் 1, 2, 3-ல ஓடவே மாட்டேங்குது. 4-ல வெச்சா மட்டும் பிச்சுக்கிட்டு ஓடுது. மோட்டார் போச்சா சார்?

மோட்டார் போயிருந்தால் 4-லும் ஓடாதே. போனது ரெசிஸ்டர். குறைந்த வேகங்களில் கரன்ட் இந்த ரெசிஸ்டர் வழியாகக் குறைந்துதான் மோட்டாருக்குப் போகும். கடைசி வேகத்தில் அதைத் தொடாமல் நேராகப் போகும். ரெசிஸ்டரில் சூடு தாங்காமல் அறுந்துவிடும்படி ஒரு சின்னப் பாதுகாப்பு ஃபியூஸ் வைத்திருப்பார்கள். அது அறுந்தால் கீழ் வேகங்கள் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். ஒரே ஒரு வேகம் மட்டும் இல்லையென்றால் அந்த ஒரு சுருளோ, சுவிட்சின் அந்த ஒரு முனையோ போயிருக்கும். தலைகீழாக 1, 2, 3 ஓடி 4 மட்டும் ஓடாவிட்டால் சுவிட்ச் அல்லது ரிலேயை (ஃபேனுக்குப் போகும் பெரிய கரன்டை இணைத்துத் துண்டிக்கும் சின்னப் பெட்டி) பாருங்கள்.

சின்ன கார்களுக்கு ரெசிஸ்டர் சில நூறு ரூபாய்ச் சமாசாரம், இரண்டு ஸ்க்ரூ, வயரை இணைக்கும் ஒரு கப்ளர். ஆனால் அது ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் போகும். ரெசிஸ்டரை ப்ளோயர் காற்று படும் இடத்தில்தான் வைத்திருப்பார்கள், அந்தக் காற்றில்தான் அது ஆற வேண்டும். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் புழுதியில் அடைத்துக்கொண்டால் காற்று குறையும், ரெசிஸ்டர் வேகும். மோட்டார் இறுகி அதிக ஆம்பியர் இழுத்தாலும் இதே கதிதான். அதனால் கப்ளரைக் கழற்றியதும் அதன் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். பழுப்பேறி, ஒரு முனையைச் சுற்றி உருகியிருந்தால் ரெசிஸ்டரோடு கப்ளரையும் மாற்ற வேண்டும், மோட்டாரின் ஆம்பியரையும் அளக்க வேண்டும். உருகிய கப்ளரை வெட்டிவிட்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்கிற வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் க்ளைமேட் கன்ட்ரோலில் இந்தச் சுருள் ரெசிஸ்டர் இருக்காது. ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்த, அலுமினியத் தகடுகள் வைத்த ஒரு பவர் மாட்யூல் இருக்கும். அது போனால் அறிகுறி வேறு: ஃபேன் ஒன்று ஓடவே ஓடாது, அல்லது என்ன வைத்தாலும் முழு வேகத்தில் ஓடும்.

எந்த ஸ்பீடுலயும் ஓடல. சத்தமே இல்ல. முதல்ல எதைப் பார்க்கணும்?

ஃபியூஸ். பல கார்களில் ப்ளோயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும், எந்த இடம் என்பது பெட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். அது சரியாக இருந்தால் ரிலே. பக்கத்தில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டும் நன்றாக இருந்தால் ஃபேனைப் போட்டுவிட்டு, மோட்டாரின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடத் தொடங்கினால், மோட்டாருக்குள் உரசிக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்னும் சில நாளோ சில வாரமோ தட்டித் தட்டி ஓட்டலாம்; அதற்குள் மோட்டார் வாங்கிவிடுங்கள். தட்டியும் அசையவில்லையா? மோட்டார் கப்ளரில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் கரன்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது. எரியாவிட்டால் மோட்டாரைக் குறை சொல்லக் கூடாது.

எர்த் வயரையும் விட்டுவிடாதீர்கள். கடலோர ஊர் வண்டிகளில் பாடியில் எர்த் முடுக்கிய இடம் துருவேறி, பள்ளத்தில் வண்டி குதித்தால் ஃபேன் ஓடும், அடுத்த பள்ளத்தில் நிற்கும். மோட்டாரை மாற்றியும் கோளாறு தீராத வண்டிகளில் இது அடிக்கடி அகப்படும்.

ஃபியூஸ் போட்டா ரெண்டு நாள்ல திரும்பப் போயிடுது. கொஞ்சம் பெரிய ஃபியூஸா போட்டுட்டா என்ன?

போடாதீர்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும் வயர் அந்த அளவுக்குத்தான் கட்டப்பட்டது. 40 போட்டால் ஃபியூஸ் எரிவதற்கு முன்னால் வயர் எரியும், அதுவும் டேஷ்போர்டுக்குள்ளே. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது எங்கோ வயர் தோலுரிந்து பாடியில் படுகிறது. வயரைக் கவ்விக் கரன்டை அளக்கும் க்ளாம்ப் மீட்டர் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் இரண்டில் எது என்று கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுவார். ரெசிஸ்டரைத் தாண்டி பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்வதும் இதே ரகம்தான்.

ஃபேன் போட்டா கீச் கீச்னு சத்தம். எண்ணெய் விட்டா போயிடுமா?

எந்தச் சத்தம் என்பதைப் பொறுத்தது. காலையில் முதலில் போடும்போது கீச்சென்று கத்திவிட்டு, சூடானதும் அடங்கினால், ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கிறது. மோட்டாரைக் கழற்றி, ஷாஃப்ட் முனையில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டால் கொஞ்ச காலம் அடங்கும். துருநீக்கி ஸ்ப்ரேயை வென்ட் வழியாகவோ மோட்டார் ஓட்டை வழியாகவோ அடிக்க வேண்டாம். உள்ளே பிரஷ் நெருப்புப் பொறி விடும் இடம், ஸ்ப்ரேயோ பற்றக்கூடியது. அப்படியே பற்றாவிட்டாலும் பிசுபிசுப்பில் புழுதி ஒட்டிக்கொள்ளும்.

தடதடவென்று அடித்தால் ஃபேனில் ஏதோ விழுந்திருக்கிறது. வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் காம்பும் சருகும்தான். வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுவாய் வழியாக அவை இறங்கும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் டேஷ்போர்டே அதிர்ந்தால் ஃபேனின் பேலன்ஸ் போயிருக்கிறது. ஃபேன் இதழில் செருகியிருக்கும் சின்ன உலோகக் கிளிப்பை "இது எதுக்கு" என்று யாராவது பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அது பேலன்ஸுக்காகத் தொழிற்சாலையிலேயே வைத்தது.

வண்டியை ஸ்டார்ட் பண்ணதும் டேஷ்போர்டுக்குள்ள டிக் டிக் டிக்னு சத்தம். கொஞ்ச நேரத்துல நின்னுடுது. பல்லியா இருக்குமோ?

பல்லி சாவி போட்டதும் கத்தாது. இது ஃப்ளாப் மோட்டார். அதன் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தாலும் போதும், சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வழுக்கி டிக் என்கும். சாவி போட்டதும் ஏன் என்றால், பல கார்களில் கன்ட்ரோல் யூனிட் அப்போதுதான் ஃப்ளாப்களை அவற்றின் இடத்துக்குத் திருப்பும்.

எது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு சாவியை ஆனில் மட்டும் வைத்து, ஃபேனைக் குறைந்த வேகத்தில் விடுங்கள். உள்காற்று பட்டனை அழுத்துங்கள். நல்ல வண்டியில் ஓரிரு நொடியில் ப்ளோயரின் இரைச்சல் சட்டென்று கூடும், வெளிக்காற்றுக்கு மாற்றினால் அடங்கும். இரைச்சல் மாறாமல் டிக் டிக் மட்டும் வந்தால் உள்காற்று ஃப்ளாப் மோட்டார். முகம், கால், கண்ணாடி என்று மாற்றும்போது வந்தால் மோட் மோட்டார். வெப்பநிலையைக் கடைசிக் குளிரிலிருந்து கடைசிச் சூட்டுக்குக் கொண்டுபோகும்போது வந்தால் ஏர்மிக்ஸ் மோட்டார்.

உள்காற்று மோட்டார் க்ளோவ் பாக்ஸைக் கழற்றினால் பெரும்பாலும் கைக்கு எட்டும். மற்ற இரண்டும் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் டிரைவர் கால் பக்கம் தலைகீழாகப் படுத்தால் தெரியும், சிலவற்றில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும். மோட்டாரின் விலையை விடக் கூலி அதிகமாகச் சொன்னால் உடனே சந்தேகப்பட வேண்டாம். உங்கள் வண்டியில் டேஷ்போர்டு இறங்க வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரைவர் பக்கம் ஜில்லுனு வருது, லெஃப்ட் சைடுல வெதுவெதுன்னு வருது. இதுவும் அந்த மோட்டார்தானா?

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் வண்டி என்றால் இருக்கலாம், கேஸ் குறைவாகவும் இருக்கலாம். கேஸ் குறைந்தால் கூலிங் காயிலின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து, பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் காட்டும். இரண்டு பக்கத்தையும் கடைசிக் குளிரில் வைத்துப் பாருங்கள், பிறகு இரண்டையும் கடைசிச் சூட்டில். எப்படி வைத்தாலும் இடது பக்கம் அசையாமல் ஒரே மாதிரி இருந்தால் அந்தப் பக்க ஏர்மிக்ஸ் மோட்டார். சூட்டில் இரண்டும் சரியாக இருந்து, குளிரில் மட்டும் வித்தியாசம் என்றால் முதலில் கேஸ் பிரஷரைப் பாருங்கள்.

ஊருக்குப் போற வழியில ஒரு மணி நேரம் கழிச்சு காத்து குறைஞ்சுக்கிட்டே வருது. நிறுத்தி டீ குடிச்சுட்டு வந்தா சரியாகிடுது. மோட்டார் சூடாகி நிக்குதா?

அடுத்த முறை காற்று குறையும்போது ப்ளோயரின் சத்தத்தைக் கவனியுங்கள். சத்தம் அப்படியே இருந்து காற்று மட்டும் வரவில்லை என்றால் மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, வழியில் ஐஸ் அடைத்திருக்கிறது. கூலிங் காயில் உறையும் நிலைக்கு வந்தால் கம்ப்ரசரை நிறுத்த ஒரு சென்சார் இருக்கிறது. அது தவறாகக் காட்டினால், அல்லது ஃபில்டர் அடைத்துக் காயிலுக்குக் காற்று போதாமல் போனால், காயில் மீது ஐஸ் கட்டிவிடும். டீ குடிக்கும் நேரத்தில் அது உருகும். வண்டிக்கு அடியில் வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் கொட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

சத்தமும் சேர்ந்து குறைந்தால்தான் மோட்டார், மாட்யூல், கப்ளர் மேல் சந்தேகம். அவசரத்துக்கு, ஏ.சி. பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ஃபேனை ஓடவிட்டால் நிறுத்தாமலே ஐஸ் கரையும்.

ப்ளோயர் மோட்டாரை நானே கழற்றி மாட்டலாமா?

ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பல வண்டிகளில் செய்துவிடலாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் குறைந்தது 3 நிமிடம் காத்திருங்கள். உங்கள் கார் கையேடு அதிக நேரம் சொன்னால் அதன்படி. காரணம், க்ளோவ் பாக்ஸுக்கு மேலே பக்கத்து இருக்கையின் ஏர்பேக் இருக்கிறது. 2022 தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அது அநேகமாக ஏர்பேக்குடையது, கை வைக்காதீர்கள். பேட்டரியைத் திரும்ப இணைத்த பிறகு சில வண்டிகளில் ஸ்டீரியோ அதன் ரகசிய எண்ணைக் கேட்கும், கண்ணாடியின் ஒரே தட்டில் இறங்கும் வசதியை மறுபடி பழக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் க்ளோவ் பாக்ஸைக் காலி செய்து, இரு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் கீழே இறங்கிவிடும். ப்ளோயர் வட்டமாகத் தெரியும், கப்ளரை உருவி, சுற்றிலும் உள்ள மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் ஃபேனோடு கையில் வந்துவிடும். சில வண்டிகளில் ஸ்க்ரூ இருக்காது, ஒரு பூட்டை அழுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும். கடைசி ஸ்க்ரூவுக்குப் போகும் முன் ஒரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ளுங்கள், விழுந்தால் ஃபேன் இதழ் உடையும். எடுத்ததும் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, சருகு, புழுதி எல்லாவற்றையும் வேக்குவம் கிளீனரால் இழுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள்.

ஃபேன் பகுதி நனைந்திருந்தால் மாட்டுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால் இலையால் அடைத்து, மழைநீர் நேராக மோட்டாரில் இறங்குவது நடப்பதுதான்.

ப்ளோயர் மாத்தணும்னா கேஸை வெளியேத்தணும், திரும்ப ஏத்தணும்னு சொல்றாங்களே?

மேலே சொன்ன வேலையில் கேஸ் குழாய் எங்கே வந்தது? வரவில்லை. ரெசிஸ்டருக்கும் பெரும்பாலான ஃப்ளாப் மோட்டார்களுக்கும் இதேதான். கூலிங் காயிலைக் கழற்றினால் மட்டும் கேஸை எடுக்க வேண்டும், அதையும் காற்றில் விடாமல் மெஷினில் எடுக்க வேண்டும். முழு ஏ.சி. பெட்டியும் இறங்கினால்தான் மோட்டார் வரும் என்கிற வண்டிகள் உண்டு, ஆனால் குறைவு. பில்லில் கேஸ் இருந்தால் என்ன காரணம் என்று கேளுங்கள்.

பழைய மோட்டாரை ரிப்பேர் பண்ணலாமா, புதுசுதான் வாங்கணுமா? புதுப்பேட்டையில கழற்றின மோட்டார் கிடைக்குதே?

கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல வைண்டிங் கடையில் மாற்றித் தருவார்கள். மோட்டாரைத் திறக்க முடிய வேண்டும், பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள் குழிவிழாமல் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். புஷ் ஆடினாலோ, மோட்டாரின் செம்புச் சுருள் கருகிய வாடை அடித்தாலோ பணத்தை அதில் போடாதீர்கள்.

சென்னையில் புதிய பார்ட்டுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றின பார்ட்டுக்குப் புதுப்பேட்டை என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் புதுப்பேட்டைதான் கதி. வாங்கும்போது கடையிலேயே பேட்டரி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அதிர்வு தெரியும். நிறுத்தியதும் ஃபேன் இழைந்து நிற்க வேண்டும், டக்கென்று நின்றால் இறுக்கம். ஃப்ளாப் மோட்டாரைக் கழற்றின பார்ட்டாக வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல்சக்கரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, அதை மாட்ட டேஷ்போர்டு இறங்கினால் கூலி இரண்டு தடவை.

எதை வாங்கினாலும் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடல் காரில் ஆண்டுக்கு ஆண்டு கப்ளர் மாறியிருக்கும்.

புது மோட்டார் போட்டாச்சு. ஓடுது, ஆனா காத்து பழையதை விடக் கம்மியா வருது. டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள். டி.சி. மோட்டாரில் பிளஸ், மைனஸ் மாறினால் தலைகீழாகச் சுற்றும். இந்த உருளை ஃபேனின் குணம் என்னவென்றால், தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே வழியில்தான் தள்ளும், பலம்தான் இருக்காது. அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. கப்ளர் பொருந்தாமல் வயரை வெட்டி ஒட்டியிருந்தால் இந்தத் தப்பு நடக்க வாய்ப்பு அதிகம். வயர் சரியாக இருந்தும் இப்படி என்றால், ஃபேனின் இதழ் எதிர்ப்பக்கம் வளைந்த வேறு மாடல் மோட்டாரைக் கொடுத்திருப்பார்கள். பழைய ஃபேனைப் பக்கத்தில் வைத்தால் ஒரே பார்வையில் தெரியும்.

ஃப்ளாப் மோட்டார் மாத்தின பிறகும் காத்து தப்பான பக்கமே வருது. புது மோட்டாரும் கோளாறா?

பல நேரம் மோட்டார் நன்றாக இருக்கும், அதற்குத் தன் எல்லை தெரியாது. ஃப்ளாப் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கன்ட்ரோல் யூனிட் ஒருமுறை கற்றுக்கொள்ள வேண்டும். சில கார்களில் பேட்டரியை இணைத்து, சாவியை ஆனில் வைத்து, ஏ.சி. பட்டன் எதையும் தொடாமல் ஓரிரு நிமிடம் விட்டால் தானே கற்றுக்கொள்ளும். பொறுமையில்லாமல் நடுவில் பட்டனை அழுத்தினால் கெட்டது. வேறு சிலவற்றில் காரின் கன்ட்ரோல் யூனிட்டோடு பேசும் ஸ்கேனர் கருவி வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டொயோட்டாவின் பல மாடல்களில் ஸ்கேனர் இல்லாமலே கோளாறு எண்ணைப் பார்க்கலாம். ஆட்டோ பட்டனையும் உள்காற்று பட்டனையும் சேர்த்து அழுத்தியபடி சாவியை ஆன் செய்தால் ஏ.சி. திரையில் எண் வரும். 41 என்றால் ஏர்மிக்ஸ் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். 21 என்று வந்தால் பதற வேண்டாம். அது வெயில் சென்சாருடையது, ஷெட்டுக்குள் இருட்டில் சோதித்தால் நல்ல வண்டியிலும் வரும். வெளியே வெயிலில் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. புதிய மோட்டாரை மாட்டும் முன் ஃப்ளாப்பின் தண்டைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பிப் பாருங்கள். அது இறுகியிருந்தால் பழைய மோட்டாரின் பல்லை உடைத்தது அதுதான், புதியதையும் உடைக்கும். வென்ட்டிலிருந்து கறுப்பாக ஸ்பாஞ்சுத் துணுக்குகள் பறந்து வந்திருந்தால் ஃப்ளாப்பில் ஒட்டிய நுரையே உதிர்ந்துவிட்டது. மோட்டாரை மாற்றினாலும் ஓரங்களில் காற்று கசியும். இன்னொன்று, மோட்டாரைச் சோதிக்கிறேன் என்று பேட்டரி வயரைத் தொட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு வயர் மட்டும் உள்ளதை அப்படிச் சோதிக்கலாம். ஐந்து வயர் ரகத்தில் மூன்று வயர் நிலை காட்டும் 5 வோல்ட் சென்சாருக்குப் போகும், அதில் 12 வோல்ட் கொடுத்தால் நல்ல மோட்டாரும் காலி.

நமக்கு எதுக்கு ஹீட்டர்? ஃப்ளாப்பைக் குளிர் பக்கமே கட்டிவிட்டுடலாமே, டேஷ்போர்டு இறக்கற செலவு மிச்சம்.

ஏர்மிக்ஸ் ஃப்ளாப்பை மட்டும் என்றால், தற்காலிகமாகச் செய்யலாம். சென்னை, மதுரை ஓட்டத்துக்குப் பெரிய இடைஞ்சல் தெரியாது. மழையில் முன் கண்ணாடியின் உள்பக்கம் மூடுபனி படிந்தால் ஏ.சி.யே ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆனால் குளிரைக் குறைக்க ஃபேனைக் குறைப்பதைத் தவிர வழி இருக்காது. மழைநாளில் குளிர்ந்த காற்று கண்ணாடியில் பட்டு வெளிப்பக்கம் மூடுபனி படியும், வைப்பர் போட வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அதிகாலையில் ஏறுகிறவர்கள் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

மோட் ஃப்ளாப்பைக் கட்டவே கூடாது. முகத்துக்கே காற்று வரும்படி கட்டிவிட்டால், கண்ணாடி மங்கும் நேரத்தில் அங்கே காற்றை அனுப்ப முடியாது.

சாவியை எடுத்துட்டு இறங்கின பிறகும் ஃபேன் ஓடுது. பேய் புகுந்துடுச்சா?

புதிய வண்டியாக இருந்தால் முதலில் கையேட்டைப் பாருங்கள். கூலிங் காயிலின் ஈரத்தைக் காயவைத்து வாடை வராமல் தடுக்க, நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் ப்ளோயரைத் தானே ஓட்டும் வசதி சில மாடல்களில் உண்டு. அது தானே நின்றுவிடும்.

நிற்காமல் ஓடினால் பவர் மாட்யூல் ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரிக்கு விட்டுவைக்காதீர்கள். மெதுவாக ஓடி 5 ஆம்பியர் இழுத்தாலும் 7 மணி நேரத்தில் 35 ஆம்பியர்-மணி. சின்ன பெட்ரோல் கார் பேட்டரியின் மொத்தமே அவ்வளவுதான். ப்ளோயர் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுக் காலையில் மெக்கானிக்கிடம் போங்கள்.

ப்ளோயருக்குள்ள எலி கூடு கட்டிடுச்சு. சுத்தம் பண்ணிட்டா போதுமா?

வயரைப் பார்க்காமல் போதாது. எலி கூடு கட்டிய இடத்தில் ரெசிஸ்டர் வயர், ஃப்ளாப் மோட்டார் வயர் எல்லாம் கடிபட்டிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு தேடுங்கள். கூட்டை வெறும் கையால் அள்ளாதீர்கள், காய்ந்த புழுக்கையைப் பெருக்கிக் கிளப்பவும் வேண்டாம். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும். கையுறை, முகக்கவசம் போட்டு, கிருமிநாசினி தெளித்து ஈரமாக்கிய பிறகு எடுக்கவும். கேபின் ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

எலி வருவது பெரும்பாலும் வெளிக்காற்று வாய் வழியாக. அதற்கு மெல்லிய கம்பி வலை வைக்கலாம். இரவில் நிறுத்தும்போது உள்காற்று நிலையில் வைத்து அணைத்தால் ஃப்ளாப் அந்த வாயை மூடியிருக்கும், மேலே சொன்ன உள்காற்று மோட்டார் வேலை செய்தால்.

மோட்டார் போனதுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேய்ந்தோ கருகியோ போனதற்குக் கிடைக்காது. வழக்கமான வாகனக் காப்பீட்டில் தேய்மானமும் மின், இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை. எலி கடித்ததற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறும், பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் வேறு கணக்கு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் இருக்கை வரை மூழ்கிய கார்கள் ஏராளம். ப்ளோயர் தாழ்வாக இருப்பதால் சீக்கிரமே நனையும். சேறு உள்ளே போய், காய்ந்த பிறகு சில நாள் ஓடிவிட்டுத்தான் இறுகும். முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளச் சேதத்தில் இதையும் சேர்க்கலாம். ஆனால் சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வருவதற்கு முன் கழற்றிவிடாதீர்கள். நனைந்த வண்டியில் "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஃபேன் சுவிட்சைத் திருகவும் வேண்டாம்.

எலெக்ட்ரிக் கார்ல இந்த மோட்டாரும் ஹை வோல்ட்டேஜா?

ப்ளோயரும் ஃப்ளாப் மோட்டார்களும் அங்கேயும் 12 வோல்ட்தான், கோளாறும் சோதனையும் மேலே சொன்னபடியே. கம்ப்ரசரும் ஹீட்டரும்தான் பெரிய பேட்டரியில் ஓடுகின்றன. ஹீட்டர் சில வண்டிகளில் ப்ளோயருக்குப் பக்கத்திலேயே அதே ஏ.சி. பெட்டிக்குள் இருக்கும். அதனால் க்ளோவ் பாக்ஸைக் கழற்றியதும் ஆரஞ்சு நிற வயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எலெக்ட்ரிக் வண்டியில் பயிற்சி பெற்ற ஆளிடம் விட்டுவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றியதை மட்டும் நம்பி அந்த வயர் பக்கம் கை கொண்டுபோகக் கூடாது.